பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து, தமிழை யூனிகோடுக்குக் கொண்டுவருவது: முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது ஒரு கீறல் விழுந்த சிடியோடு வந்து நிற்பார். உள்ளே கோயில் திருவிழா நோட்டீஸ் இருக்கும், வியாசர்பாடி பக்கத்து ஃபுட்பால் கிளப் ஒன்றின் ஆண்டு மலர் இருக்கும், காலமான அப்பா எழுதிய கவிதைத் தொகுப்பு இருக்கும். அடித்துக் கொடுத்த அச்சகம் இப்போது இல்லை. "தம்பி, இதுல இருக்கறத அப்படியே வேர்டுல போட்டுக் குடு" என்பார்கள்.

கோப்பின் பெயர் பிஎம்டி (PMD) அல்லது பி65 (P65) என்று முடிந்திருக்கும். அது பேஜ்மேக்கர், அச்சகங்களில் பக்கம் கட்டப் பயன்பட்ட பழைய மென்பொருள். வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். எப்படியோ கோப்பைத் திறந்துவிடுவார்கள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக இருக்கும். "அண்ணா, ஃபைல் கரப்ட்ணா" என்று மூடிவிடுவார்கள்.

கரப்ட் இல்லை. இந்தக் கோப்புக்குப் பூட்டு இரண்டு. ஒன்று பேஜ்மேக்கர் என்கிற வடிவம். மற்றொன்று உள்ளே இருக்கும் தமிழ் எழுத்துருவின் பழைய குறியாக்கம், அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற கணக்கு. இன்றைய கணினி, போன் எல்லாம் புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கம்தான் யூனிகோடு. முதல் பூட்டைத் திறந்தால் இரண்டாவது தானாகத் திறக்காது. கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

1. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு (பெயரின் கடைசியில் புள்ளிக்கு அப்புறம் வருவது) மறைந்திருந்தால் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் அந்த வசதி இருக்கிறது.

பிஎம்டி என்றால் பேஜ்மேக்கர் 7. பி65 என்றால் 6.5. பிஎம்6 என்றால் 6.0, பிஎம்5 என்றால் 5.0. டெம்ப்ளேட்டாக (மாதிரிப் பக்கமாக) சேமித்தது என்றால் பின்னொட்டு கொஞ்சம் மாறும்: 7-இல் PMD-க்குப் பதில் PMT, அதாவது கடைசி எழுத்து டீ (T). 6.5-இல் P65-க்குப் பதில் T65, முதல் எழுத்து டீ. டெம்ப்ளேட் ஆனாலும் உள்ளடக்கம் இருக்கும், ஒதுக்கிவிடாதீர்கள்.

பதிப்பு ஏன் முக்கியம்? எந்த மென்பொருள் திறக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 7.0 வந்தது 2001-இல், அதுதான் கடைசிப் பெரிய பதிப்பு. ஆனால் 2002-க்கு அப்புறம் அடித்தது என்று வாடிக்கையாளர் சொன்னாலும் 7 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் அச்சகங்களில் 6.5 ரொம்ப வருடம் ஓடியது.

பின்னொட்டை வேர்டுக்கு உரியதாக மாற்றி எழுதினால் திறக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறமாட்டார்.

2. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

கோப்பு மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். வாடிக்கையாளர் கடையைவிட்டுப் போவதற்குள் இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அச்சடித்த பிரதி ஒன்று. இதைவிட உதவியான பொருள் வேறு இல்லை. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நோட்டீஸ் ஒரு பக்கம் போதும். கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியே கிடையாது.

சிடியில் இருக்கும் எல்லா ஃபோல்டரும். "மேட்டர் மட்டும்தான் வேணும்" என்று ஒரே கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவருவார்கள். பக்கத்திலேயே எழுத்துருக்கள் ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கும், படங்கள் இன்னொன்றில் இருந்திருக்கும். பேஜ்மேக்கர் பெரிய படங்களைப் பெரும்பாலும் கோப்புக்குள் வைக்காது. படம் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் ஒரு மங்கலான முன்தோற்றத்தைக் காட்டும். படக்கோப்பு இல்லையென்றால் அந்த மங்கல்தான் மிச்சம்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு: யூஎஸ்பியில் சொருகும் டிரைவ் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஃபிளாப்பிக்கும் அதே மாதிரி உண்டு. சிடி ஒரு டிரைவில் படிக்கவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படித்துக் கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை

சிடி முழுவதையும் வன்தட்டில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அதை இன்னொரு நகல் எடுங்கள். முதலாவதைத் தொடவே கூடாது.

காரணம் எளிது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, கேட்கும் பெட்டிக்கெல்லாம் ஓகே கொடுத்து, சேவ் செய்துவிட்டால், எந்த வரி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவலே போய்விடலாம். அந்தத் தகவல்தான் இரண்டாவது பூட்டின் சாவி.

4. எழுத்துருவைக் கண்டுபிடித்து நிறுவுங்கள், திறப்பது அப்புறம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எழுத்துருவின் பெயர் தெரியவில்லையா? பேஜ்மேக்கர் இருக்கும் கணினி என்றால், திறக்கும்போதே பானோஸ் என்று தலைப்பிட்ட ஒரு பெட்டி வரும். இல்லாத எழுத்துருவின் பெயர் ஒரு பக்கம், அதற்குப் பதிலாகப் போடப்போவது எதிர்ப்பக்கம். பையன்கள் படிக்காமல் ஓகே அடிக்கும் பெட்டி இதுதான். நிறுத்தி, பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மாற்று தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்கும் இடத்தில் தற்காலிகம் என்றே இருக்கட்டும்.

லிப்ரே ஆபீஸில் (ஐந்தாம் படியில் வரும் இலவச மென்பொருள்) என்றால், உரைப்பெட்டிக்குள் கர்சரை வைத்து மேலே எழுத்துருப் பெயரைப் பாருங்கள். பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று பொருள்.

பெயர் தெரிந்ததும் முதலில் சிடியில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் பழைய டிடிபி ஆட்களிடம் கேளுங்கள். ராயபுரத்திலும் தங்கசாலை பக்கத்திலும் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களிடமும் அந்தக் காலத்து எழுத்துரு ஃபோல்டர் பத்திரமாக இருக்கும். விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால் அதன் உரிமத்தையும் மனதில் வையுங்கள். ஸ்ரீலிபி போன்ற தமிழ் எழுத்துரு மென்பொருள்களில் தட்டச்சு செய்யத்தான் டாங்கிள் (கணினியில் சொருகும் உரிமச் சாவி) கேட்கும். பார்க்கவும் படிக்கவும் எழுத்துருக் கோப்பே போதும்.

நிறுவும்போது ரைட் கிளிக் செய்து எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே நிறுவினால் விண்டோஸ் 10, 11-இல் அது உங்கள் கணக்குக்கு மட்டும் போகும். சில பழைய மென்பொருள்கள் அதைப் பார்ப்பதில்லை. "போட்டேன், வரல" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

எழுத்துருக் கோப்புகள் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று ஜோடியாக இருந்தால் அது டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு. லிப்ரே ஆபீஸ் 5.3-இலிருந்து அதை ஏற்பதில்லை. பேஜ்மேக்கர் நிறுவனமான அடோபியும் 2023-இல் ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் திறந்து டிடிஎஃப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

5. திறக்க மூன்று வழி

அ. லிப்ரே ஆபீஸ். இலவசம், 2015-இல் வந்த 4.4-லிருந்து பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். திறப்பது ரைட்டரில் அல்ல, டிராவில். ரைட்டரில் வரவில்லையே என்று தேடாதீர்கள். உரையை எடுக்க மட்டும் என்றால் இதுவே போதும். பக்க அமைப்பு நூற்றுக்கு நூறு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படங்கள் விடுபடும், வரி உடையும் இடம் மாறும். ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருளும் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் அதே நிரல் தொகுப்பைக் கொண்டு திறக்கிறது. ஒன்றில் தகராறு செய்தால் மற்றதில் பார்க்கலாம், ஆனால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆ. பேஜ்மேக்கருக்கு அடுத்து அடோபி கொண்டுவந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு அல்லது அதற்கு முந்தையது. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரை நேராகத் திறக்கும். பக்கம் ஏறக்குறைய அப்படியே வரும். இல்லாத எழுத்துருவை இளஞ்சிவப்புப் பட்டை போட்டுக் காட்டும். சிஎஸ்6-க்குப் பின் வந்த சிசி பதிப்புகளில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதனால் சிசி வைத்திருப்பவர்கள், சிஎஸ்6 இருக்கும் ஓர் அச்சகத்தில் திறந்து, ஐடிஎம்எல் என்ற, புது இன்டிசைனும் திறக்கும் வடிவத்தில் ஏற்றுமதி செய்து வாங்கிக்கொள்ளலாம்.

இ. பேஜ்மேக்கரே. இன்னமும் எக்ஸ்பி கணினி ஒன்றை இதற்காகவே மூலையில் வைத்திருக்கும் கடைகள் வடசென்னையில் உண்டு, எங்கள் கடையையும் சேர்த்து. புது விண்டோஸிலும் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் எக்ஸ்பி போட்டு ஓட்டுவது நல்ல மாற்று. எதுவானாலும் அந்த எக்ஸ்பிக்கு இணைய இணைப்பு கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

பக்கம் அப்படியே வேண்டும் என்றால் இ, இல்லாவிட்டால் ஆ. எழுத்து மட்டும் போதும் என்றால் அ. இணையத்தில் பதிவேற்றி மாற்றித்தரும் தளங்களை நான் தொடுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு குடும்பத்தின் மொத்த பெயரும் முகவரியும் இருக்கிறது. தவிர, அந்தத் தளங்களுக்கு இரண்டாவது பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

6. திறந்ததும் முதல் வேலை: ஒரு பிடிஎஃப்

உரையை எடுக்கப் பறக்காதீர்கள். எழுத்துரு சரியாகத் தெரியும் நிலையில் முதலில் ஒரு பிடிஎஃப் எடுங்கள். இனிமேல் என்ன கெட்டாலும் இதுதான் சாட்சி. அச்சுப்பிரதி இல்லாதவர்களுக்கு இதுவே அச்சுப்பிரதி.

பேஜ்மேக்கரில் பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். தாள் அளவை ஒருமுறை பாருங்கள். பத்திரிகை அட்டையின் அளவு ஏ4-ஆக இருக்காது. வெற்றுப் பக்கங்களையும் அச்சிடச் சொல்லும் குறியைப் போடுங்கள். இல்லாவிட்டால் மலரில் பக்க எண் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும்.

எடுத்த பிடிஎஃப்பை எழுத்துரு இல்லாத வேறு கணினியில் அல்லது போனில் திறந்து பாருங்கள். அங்கேயும் தமிழ் தெரிந்தால்தான் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறது.

இந்த இடத்தோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தமிழ் தெரிகிறதே! ஆனால் அந்த பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துதான் விழும். படிக்க மட்டும் வேண்டியவருக்கு இது போதும். திருத்தவோ மறுபடி அச்சிடவோ வேண்டியவருக்குப் போதாது.

7. உரையை வெளியே எடுப்பது

பேஜ்மேக்கரில் உரை ஸ்டோரி என்ற துண்டுகளாக இருக்கும். பல பக்கம் தொடரும் கட்டுரை ஒரே ஸ்டோரி. பத்திரிகை அட்டையிலோ மணமகன் பெயர் ஒன்று, மணமகள் பெயர் ஒன்று, "நல்வரவை நாடும்" ஒன்று என்று பதினைந்து ஸ்டோரிகூட இருக்கும். டெக்ஸ்ட் கருவியால் ஒன்றுக்குள் கர்சரை வைத்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. பிடிஎஃப்பை வைத்து எது முடிந்தது என்று டிக் அடித்துக்கொண்டே போங்கள்.

இரண்டு இடத்தில் உரை ஒளிந்திருக்கும். உரைத்தொகுதியின் கீழ் விளிம்பில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால், கீழே இன்னும் உரை இருக்கிறது, இடம் போதாமல் மறைந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, பக்கத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பரப்பு. அச்சில் வராது, கோப்பில் இருக்கும். ஒருமுறை மலர் ஒன்றில் முந்தைய வருட நன்கொடையாளர் பட்டியல் அங்கே கிடந்தது. அதையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிட்டோம். சங்கத்துக்காரர்கள் வந்து, செத்துப்போனவர் எப்படி நன்கொடை கொடுத்தார் என்று கேட்டார்கள்.

நகலெடுத்ததை வேர்டில் ஒட்டாதீர்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற வெறும் உரை எடிட்டரில் ஒட்டி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

8. இரண்டாவது பூட்டு: எந்தக் குறியாக்கம்?

எல்லாக் குழப்பமும் பிறக்கும் இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

பழைய தமிழ் எழுத்துரு ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்ற சொல், கோப்பைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஜே இருக்கும் இடத்தில் த, கே இருக்கும் இடத்தில் ம, பி என்பது இகரக் குறி, ஓ என்பது ழ, செமிகோலன் புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் அந்த ஐந்து விசைகள்தான் மிஞ்சும். கோப்பு கெட்டுவிட்டதாகப் பையன் நினைத்தது இதைப் பார்த்துத்தான்.

இப்போது ஏன் வேர்டு கூடாது என்று புரியும். பாமினியில் சிறிய எஃப் க, பெரிய எஃப் கு. வேர்டு வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று உதவிக்கு வந்தால், நீங்கள் அடித்த க கு ஆகிவிடும். அதைவிட மோசமானது கமா. பாமினியில் கமா விசைதான் இ. எங்கள் கடையில் ஒரு பையன், மாற்றுவதற்கு முன்னால் "சுத்தம் பண்றேன்" என்று கமா ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரு இடைவெளி சேர்த்துவிட்டான். நாற்பது பக்க மலரில் இந்த, இவர், இளைஞர் எல்லாம் இ தனியாக, மிச்சம் தனியாக வந்து நின்றது. திட்டி என்ன பயன், முதல் நகலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். மாற்றும்வரை அந்த உரையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள்.

குறியாக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துருப் பெயர் முதல் துப்பு. பெயர் உதவாவிட்டால், கழற்றிய உரையின் முகத்தைப் பாருங்கள்.

சாதாரண ஆங்கில எழுத்தும் நிறைய செமிகோலனுமாக இருந்தால் பாமினி வகை. ஏறக்குறைய எல்லாமே மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக இருந்து, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் படிக்க முடிந்தால் டிஸ்கி அல்லது டாப். இவை இருமொழிக் குறியாக்கங்கள். ஆங்கிலத்துக்கு அதன் இடத்தை விட்டுவைத்தவை. இரண்டும் கலந்து கிடந்தால் வானவில், ஸ்ரீலிபி, டாம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான். டாம், டாப் இரண்டும் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்தவை. 2010-இல் அரசு யூனிகோடுக்கு வந்துவிட்டது. அதனால் நடுவிலுள்ள பத்து வருடக் கோப்புகளில் இவற்றை எதிர்பாருங்கள்.

ஒரே கோப்பில் இரண்டு குறியாக்கம் இருப்பதும் சகஜம். தலைப்பு ஓர் எழுத்துரு, மேட்டர் இன்னொன்று. அப்படியிருந்தால் தலைப்புகளைத் தனிக் கோப்பாகப் பிரித்து வையுங்கள்.

9. யூனிகோடாக மாற்றுவது

என்எச்எம் கன்வர்ட்டர் என்ற விண்டோஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி எல்லாம் பட்டியலில் உண்டு. எந்தக் குறியாக்கத்திலிருந்து என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு பத்தியை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

சரியான குறியாக்கம் என்றால் பத்தி முழுவதும் உடனே தமிழாகும். தவறு என்றால் முழுவதும் குப்பையாகும். ஆபத்து நடுவில்தான். பெரும்பாலும் சரியாக இருந்து, ஓர் எழுத்து மட்டும் திரும்பத் திரும்பத் தவறினால், நெருங்கிய உறவுள்ள வேறு குறியாக்கத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். கையால் திருத்தலாம் என்று இறங்காதீர்கள், பட்டியலில் அடுத்ததை முயலுங்கள்.

கண்டுபிடித்து மாற்று என்று நாமே ஒவ்வொரு எழுத்தாக மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். ஒற்றைக்கொம்பில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய எழுத்துருவில் "கொ" என்றால் கொம்பு முதலில், க அடுத்து, கால் கடைசியில், தட்டச்சு மெஷினில் அடிப்பதுபோல. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அப்புறம். வரிசையே வேறு. கன்வர்ட்டர் இந்த இடமாற்றத்தைச் செய்கிறது. சாதாரண மாற்று செய்யாது.

பாமினி வகையில் இன்னொரு பொறி, நடுவில் வரும் ஆங்கிலம். மேட்டரில் செல் நம்பருக்கு முன்னால் செல் என்பதை ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். கன்வர்ட்டருக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. மாற்றியபின் அந்த இடத்தில் "ஊநடட" என்று நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அச்சாகி வந்தால் வராது. பிடிஎஃப்பைப் பார்த்து ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, மாற்றியபின் அவற்றைத் தேடித் திருத்துங்கள்.

10. காலை இழந்த ர

கன்வர்ட்டர் முடித்ததும் வேலை முடிந்ததாக எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். நான் அதிகம் திருப்பிக் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பழைய அச்சு மரபில் ர், ரி, ரீ ஆகியவற்றை அடியில் கால் இல்லாமல் எழுதுவார்கள். கால் போனால் ர பார்ப்பதற்குத் துணைக்கால் மாதிரியே இருக்கும். அதனால் டைப் அடித்தவர்கள் அந்த இடங்களில் துணைக்கால் விசையையே அடித்தார்கள். அச்சில் அழகாகவே வந்தது, அவர்கள்மேல் தப்பு இல்லை. ஆனால் யூனிகோடுக்கு வரும்போது அது ர அல்ல, துணைக்கால். "அவர்கள்" என்பது "அவா்கள்" ஆகிறது. "சேர்ந்த" என்பது "சோ்ந்த" ஆகிறது. "தெரியும்" என்பது "தொியும்" ஆகிறது. சிறிய எழுத்தில் பார்த்தால் கண்ணை ஏமாற்றிவிடும். தேடினால் கிடைக்காது.

நல்லவேளை, இதை மொத்தமாகத் திருத்தலாம். துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் எங்கும் வராது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். நோட்பேட் பிளஸ் பிளஸில் இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்:

"ா்" என்பதை "ர்" ஆக்குங்கள். "ாி" என்பதை "ரி". "ாீ" என்பதை "ரீ". அப்புறம் "ொ்" என்பதை "ெர்", "ோ்" என்பதை "ேர்". "ொி" என்பதை "ெரி", "ோி" என்பதை "ேரி".

குறிகளைத் தனியாக அடிக்கும்போது பக்கத்தில் புள்ளிவட்டம் தெரியும். அது காட்சிதான், எழுத்து இல்லை, கவலைப்படாதீர்கள். அடிக்க வரவில்லை என்றால் உங்கள் உரையிலிருந்தே அந்தப் பகுதியை நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டுங்கள்.

ஔகாரத்தை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள். பழைய எழுத்துருவில் அதன் பின்பாதியும் ள-வும் ஒரே வடிவம். அதனால் "கௌரி" என்பது "கெளரி" என்று வந்திருக்கும், "மௌனம்" என்பது "மெளனம்" என்று. ஆனால் கெளுத்தி கெளுத்தியாகவே இருக்க வேண்டும். காசிமேட்டு மீனவர் சங்க மலரில் மொத்தமாக மாற்றியிருந்தால் மீன் பெயரே போயிருக்கும். ஒவ்வொன்றாக நின்று, பார்த்து, மாற்றுங்கள்.

ஸ்ரீ-யையும் ஒருமுறை கவனியுங்கள். யூனிகோடில் அதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோயில் நோட்டீஸில் பாதி அப்படி, பாதி இப்படி இருந்தால் தேடல் பாதியைத்தான் காட்டும். ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள்.

இதன்பின் அச்சுப்பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் மூளை தவறைச் சரியாகப் படித்துவிடுகிறது. பெயர், ஊர், தேதி, தொலைபேசி எண் நான்கையும் இரண்டு தடவை.

11. மறுபடி பக்கம் கட்டுவது

யூனிகோடு உரையை மறுபடி பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். அதற்கு யூனிகோடு தெரியாது.

வேர்டிலோ லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ என்றால் நேராக ஒட்டி, யூனிகோடு எழுத்துரு ஒன்றைக் கொடுங்கள். பழக்க தோஷத்தில் பாமினியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்டிசைனில் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். உரை கெட்டதாக நினைத்து மறுபடி ஒன்பதாம் படிக்கு ஓட வேண்டாம். ஸ்கிரைபஸ் பயன்படுத்துபவர்கள் 1.4-ஐ விட்டு 1.6-க்கு வந்துவிடுங்கள், பழையதில் தமிழ் சேராது.

யூனிகோடு எழுத்துருவின் அகலம் வேறு. முப்பத்திரண்டு பக்க மலர் முப்பத்தைந்தாக நீளலாம். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், காகிதக் கணக்கு மாறும்.

12. எதிர்த்திசையில் ஒரு வேலை

இப்போது அடிக்கடி வருவது இதுதான். வாடிக்கையாளர் மேட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அது யூனிகோடு. அச்சகக்காரர் இன்னமும் பேஜ்மேக்கரில் இருக்கிறார். அதே கன்வர்ட்டரில் திசையைத் திருப்பி, அச்சகக்காரர் வைத்திருக்கும் எழுத்துருவின் குறியாக்கத்துக்கு மாற்றி, வெறும் உரையாகக் கொடுங்கள். முதலில் எமோஜியை எல்லாம் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்காகப் போடும் நட்சத்திரக் குறிகளையும் எடுங்கள், அவையும் ஏதாவது ஒரு வடிவமாக மாறி உட்கார்ந்துகொள்ளும்.

13. திருப்பிக் கொடுக்கும்போது

வாடிக்கையாளருக்கு ஒரு பென்டிரைவில் நான்கு பொருள்: சிடியின் தொடாத நகல், ஆறாம் படியில் எடுத்த பிடிஎஃப், யூனிகோடு உரை, புதுப் பக்க அமைப்பு. கூடவே ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுத்துருவின் பெயர், குறியாக்கத்தின் பெயர், எந்தக் கன்வர்ட்டர் என்று மூன்று வரி. போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் கொடுத்த அந்த மூன்று வரியோடு அதே சங்கத்தின் இன்னொரு சிடியைக் கொண்டுவந்தார். எட்டாம் படியைத் தாண்டி நேராக ஒன்பதுக்குப் போய்விட்டோம். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது.